நங்கூரம் எங்கே இறங்கியிருக்கிறது?



நங்கூரம் என்றால் என்னவென்று நம் தீவகத்துப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்காவற்றுறையிலும் மெலிஞ்சிமுனையிலும் நெடுந்தீவிலும் பிள்ளை நடக்கப் பழகும் நாளிலேயே அதைக் கரையில் கண்டுவிடுகிறது. பார்வைக்கு அது துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டுதான். ஆனால் சோளகக் காற்று எழும்பும் நாளில் வள்ளத்தையும் அதை நம்பியிருக்கும் குடும்பத்தையும் காப்பது அதுவே.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 6ஆம் அதிகாரம் கிறிஸ்தவ நம்பிக்கையை இந்த நங்கூரத்துக்கே ஒப்பிடுகின்றது. ஆதிக் கிறிஸ்தவர்கள் உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் தங்கள் மரித்தோரை அடக்கம் செய்தபோது, கல்லின் மேல் நங்கூரத்தைச் செதுக்கி வைத்தார்கள். நங்கூரத்தின் வடிவத்துக்குள் சிலுவை மறைந்திருக்கிறதல்லவா? வேதகலாபனை நடந்த நாட்களில் தம்மவர்க்கு மட்டும் விளங்கும் அடையாளமாக அது இருந்தது. 2025ஆம் ஆண்டின் யூபிலிக்கும் திருச்சபை நம்பிக்கையையே கருப்பொருளாக எடுத்துக்கொண்டது. அந்த யூபிலியின் இலச்சினையிலும் சிலுவையின் அடிப்பகுதி நங்கூரமாக வளைந்து அலைகளுக்குள் இறங்குவதை நாம் கண்டோம். 2024 டிசம்பர் 24இல் புனித கதவைத் திறந்து அந்த யூபிலியைத் தொடக்கி வைத்த பாப்பரசர் பிரான்சிஸ், யூபிலி முடியுமுன்னரே, 2025 ஏப்ரல் 21இல், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் இறைவனடி சேர்ந்தார். நம்பிக்கையைப் போதித்தவருக்கும் மரணம் வந்தது. இதை மனதிற் கொண்டே மேலே வாசியுங்கள்.

நம் வீடுகளில் எழும் கேள்வி

"இனி என்ன நம்பிக்கை, சுவாமி?" இக்கேள்வி நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிறது. கேட்பவர்கள் விசுவாசமற்றவர்கள் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர்கள், மாலையில் செபமாலை சொல்பவர்கள்தான் கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊர்களை விட்டு வெளியேறினார்கள். போனவர்களிற் பலர் திரும்பவில்லை. கூரையில்லாத வீடுகளும், சுவரைப் பிளந்து எழுந்த ஆலமரங்களும், இறைப்பார் இல்லாத கிணறுகளும் இன்றும் சாட்சியாக நிற்கின்றன. யுத்தம் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. ஆனால் கடல் நமக்கு முழுமையாகத் திரும்பி வரவில்லை. அடிமட்ட இழுவை மடியை 2017ஆம் ஆண்டிலேயே நம் நாட்டின் சட்டம் தடை செய்தது. ஆயினும் அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் நம் தொழிலாளரின் வலைகளை அறுத்துச் செல்வது நிற்கவில்லை. 2022ஆம் ஆண்டில் நாடே வங்குரோத்தானபோது, லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஓகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் 340 ரூபாவானது. பல வள்ளங்கள் கரையில் கிடந்தன. கடன்பட்டவர்கள் மேலும் கடன்பட்டார்கள். பிள்ளைகளோ, படித்தவர்களும் படியாதவர்களும், எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நிலையில் பிரசங்க மேடையிலிருந்து, "கவலைப்படாதீர்கள், எல்லாம் நன்றாகிவிடும்" என்று சொல்லிவிட்டு இறங்குவது எளிது. ஆனால் அது நற்செய்தியாகுமா?

நம்பிக்கையைப் போலத் தோன்றுபவை

ஞானோபதேச வகுப்பில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று தெய்வீகப் புண்ணியங்களைப் படித்தோம். விசுவாசத்தைப் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். சிநேகத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். நடுவிலுள்ள நம்பிக்கையைத்தான் நாம் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. அதனால் வேறு பலவற்றை நம்பிக்கை என்று எண்ணி ஏமாந்துபோகிறோம்.

முதலாவது, நல்லதே நடக்கும் என்ற எதிர்பார்ப்பு. இது இயல்பான மனித குணம், தவறன்று. ஆனால் இது வானிலையைப் போன்றது. காற்று நமக்குச் சாதகமாக வீசும் வரை நிற்கும். காற்று மாறினால் காணாமற்போகும்.

இரண்டாவது, கொடுக்கல் வாங்கல். "அந்தோனியாரே, விசா கிடைத்தால் கூடு எடுப்பிப்பேன், வழக்கில் வென்றால் மெழுகுதிரி கொளுத்துவேன்" என்று நேர்ந்துகொள்கிறோம். புனிதர்களின் மன்றாட்டை நாடுவது நல்லதே. ஆனால் கிடைத்தால் நன்றி, கிடைக்காவிட்டால் கோபம் என்றால், அங்கே நடப்பது வியாபாரம். கிடைக்காத வீட்டில் கோயிற் படி மிதிப்பதும் நின்றுவிடுகிறது.

மூன்றாவது, "எல்லாம் தலைவிதி, எங்களால் என்ன செய்ய முடியும்?" என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது. இதற்குப் பலர் 'இறைசித்தம்' என்று பெயரிடுகிறார்கள். இறைவனுடைய சித்தத்துக்குப் பணிவது வேறு, மனிதர் செய்த அநியாயத்தை இறைவன் தலையில் சுமத்துவது வேறு.

இந்த மூன்றும் கரையில் கிடக்கும் நங்கூரங்கள். பார்ப்பதற்கு நங்கூரம் போலவே இருக்கும். அடியிலே எதையும் பற்றியிராது.

இரவுக் கடலில் நான்கு நங்கூரங்கள்

மெய்யான நம்பிக்கையைக் காண அப்போஸ்தலர் பணி நூலின் 27ஆம் அதிகாரத்தை எடுத்து, இன்றிரவு குடும்பமாக வாசியுங்கள். கடலோடிகளான நமக்கு அதைப் போல் விளங்கும் அதிகாரம் வேதாகமத்தில் வேறு இல்லை.

புனித சின்னப்பர் கைதியாக உரோமாபுரிக்குக் கொண்டு செல்லப்படுகிறார். கடற்பயணத்துக்கு ஏற்ற காலம் கடந்துவிட்டது. போகவேண்டாமென்று அவர் எச்சரிக்கிறார். மாலுமியும் கப்பற் சொந்தக்காரரும் சொன்னதே எடுபடுகிறது. வடகிழக்கிலிருந்து பெரும் புயல் எழும்புகிறது. சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரங்களும் தெரியவில்லை. பல நாட்கள் இப்படியே கழிந்தபின், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று லூக்காஸ் எழுதுகிறார். அவர் தம்மையும் சேர்த்தே எழுதுகிறார் என்பதைக் கவனியுங்கள். நற்செய்தி எழுதியவரே, புனிதரே, ஒரு நாள் நம்பிக்கை இழந்திருந்தார். ஆகையால், "எனக்கு நம்பிக்கையே வரவில்லை, சுவாமி" என்று கலங்கும் தாயே, தந்தையே, நீங்கள் பாவம் செய்துவிட்டதாக எண்ண வேண்டாம். இருட்டில் இருட்டைக் காண்பது பாவமன்று.

பதினான்காம் இரவு, நிலம் அண்மிவிட்டதென்று கப்பலோட்டிகள் உணர்கிறார்கள். ஆழம் பார்க்கிறார்கள்: முதலில் 20 பாகம், சற்றுத் தூரம் சென்று 15 பாகம். பாறையில் மோதிவிடுவோம் என்று அஞ்சிப் பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, எப்போது விடியுமென்று மன்றாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நங்கூரம் புயலை அடக்கவில்லை. இருட்டை நீக்கவில்லை. கப்பல் ஆடாமலும் இருக்கவில்லை. விடியும் வரை பாறையில் மோதாமல் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். நம்பிக்கையிடம் நாம் கேட்க வேண்டியதும் அதுவே.

அந்த இரவில் வேறொன்றும் நடக்கிறது. கப்பலோட்டிகள் முன்னணியத்திலும் நங்கூரம் இறக்கப் போவதாகப் பாசாங்கு செய்து, சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிக்கொள்ளப் பார்க்கிறார்கள். சின்னப்பர் அதைக் கண்டு நூற்றுவர் தலைவனுக்குச் சொல்கிறார். இவர்கள் போய்விட்டால் மற்றவர்களுக்குத் தப்பும் வழியில்லை என்கிறார். படைவீரர் கயிற்றை அறுத்துப் படகைக் கடலில் விடுகிறார்கள்.

இதை வெளிநாடு சென்ற நம் உறவுகளைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. உயிர் தப்ப ஓடியவரையும் குடும்பத்தைக் காக்கக் கடல் கடந்தவரையும் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. திருக்குடும்பமே இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய குடும்பந்தானே! அந்தப் படகு நமக்கு உணர்த்துவது வேறு. நான் மட்டும் தப்பினாற் போதும், என் வீடு மட்டும் நன்றாயிருந்தாற் போதும் என்ற எண்ணமே நம்பிக்கைக்குப் பகை. தீவை விட்டு ஒருநாளும் போகாதவர்களிடத்திலும் அந்த எண்ணம் இருக்கலாம். கனடாவிலோ இலண்டனிலோ இருந்துகொண்டு ஊரின் கயிற்றை விடாமற் பிடித்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

விடியுமுன் நடந்தது

இன்னும் விடியவில்லை. சின்னப்பர் எழுந்து, பதினான்கு நாட்களாகச் சரியாக உண்ணாதிருந்தவர்களைச் சாப்பிடும்படி வேண்டுகிறார். அப்பத்தை எடுக்கிறார், எல்லோர் முன்னிலையிலும் கடவுளுக்கு நன்றி செலுத்துகிறார், பிட்டு உண்ணத் தொடங்குகிறார். அதைக் கண்டு மற்றவர்களும் தைரியமடைந்து உண்கிறார்கள். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர் என்று லூக்காஸ் கணக்குச் சொல்கிறார்.

கிறிஸ்தவ நம்பிக்கை என்னவென்று கேட்பவருக்கு இந்தக் காட்சியைக் காட்டலாம். விடிந்தபின் அப்பம் பிட்டு நன்றி சொல்ல எவராலும் முடியும். கரை தெரியாத நேரத்தில், காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே, நன்றி சொல்லிப் பிட்டுப் பகிர்ந்து கொடுப்பதற்கே நம்பிக்கை வேண்டும். நம்முடைய ஆண்டவரும் அப்படித்தானே செய்தார்? காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவிலேதான் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். ஞாயிறுதோறும் நம் பீடத்தில் நடப்பதும் அதுவே.

அந்த 276 பேரில் சின்னப்பரும் அவருடைய தோழர் சிலரும் தவிர மற்றவர்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்வதற்கில்லை. படைவீரரும் கைதிகளும் கப்பலோட்டிகளுமாகிய அவர்கள் எல்லோருக்கும் அவர் தைரியம் கொடுத்தார். குறிகட்டுவான் துறைக்குப் போய்ப் பாருங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் போகிறவர்களும், நாகவிகாரைக்குத் தென்னிலங்கையிலிருந்து வருகிறவர்களும், நெடுந்தீவுக் கோயில் திருநாளுக்குப் போகிறவர்களும் அந்த ஒரே துறையிலேதான் படகுக்குக் காத்து நிற்கிறார்கள். ஒரே காற்று, ஒரே கடல். நம் நம்பிக்கை நம்மவரை மட்டும் தேற்றுவதாயின், அது சின்னப்பருடைய நம்பிக்கையாகாது. தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியார் கோயிலில், ஒருவரோடொருவர் வலைக்கும் கடலுக்கும் பிணக்குப்படும் இரு கரைத் தொழிலாளரும் ஒரே பந்தியில் திருவிருந்து உண்கிறார்களே, அதுவும் விடியுமுன் பிட்ட அப்பந்தான். ஆனால் கோயிலில் சமாதானம் சொல்லிவிட்டு மறுவாரம் வலையை அறுக்கலாமோ என்று அக்கரைச் சகோதரர்களைக் கேட்பதும் நம் கடமை.

கரை சேராதவர்கள்

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "சுவாமி, அந்தக் கப்பலில் இருந்த 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பற்றியும் மால்ட்டாத் தீவில் கரையேறினார்கள். எங்கள் கடலில் அப்படி நடக்கவில்லையே!"

உண்மை. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குமுதினிப் படகில் ஏறியவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை. குழந்தைகளும் பெண்களும் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். 2006 ஓகஸ்ட் 13ஆம் நாள் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டார்கள். எஞ்சியோரை ஊர்காவற்றுறைக்குக் கூட்டிச் சென்று காப்பாற்றிய பங்குக் குருவானவர் திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார், அதற்கு அடுத்த ஞாயிறு, ஓகஸ்ட் 20ஆம் நாள், தம்மோடு சென்ற பொதுநிலைச் சகோதரர் ஒருவருடன் காணாமற்போனார். இருவருக்கும் என்ன நடந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. கல்லறை இல்லை; பூப்போட ஓர் இடமும் இல்லை.

ஆகவே, 'நம்பினால் ஒன்றும் ஆகாது' என்று எவராவது சொன்னால், அவர் நம் மக்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அப்படிச் சொல்ல நற்செய்தி நமக்கு அனுமதி தரவில்லை. மால்ட்டாக் கடலில் தப்பிய அதே சின்னப்பர் பின்னர் உரோமாபுரியில் வேதசாட்சியாகக் கொல்லப்பட்டார். புயலுக்குத் தப்பியவர் வாளுக்குத் தப்பவில்லை. அப்படியானால் அவருடைய நங்கூரம் அறுந்துபோயிற்றா?

இல்லை. ஏனெனில் அது 'எனக்கு ஒன்றும் நேராது' என்பதிலே இறக்கப்பட்டிருக்கவில்லை. எது நேர்ந்தாலும், மரணமே நேர்ந்தாலும், கிறிஸ்துவினுடைய அன்பிலிருந்து தம்மைப் பிரிக்க ஒன்றாலும் முடியாது என்பதை அவர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் முன்னரே எழுதி வைத்திருந்தார். எபிரேயர் திருமுகமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. மற்ற நங்கூரங்கள் கீழே இறங்குகின்றன. நம் நங்கூரமோ திரைக்கு அப்பால், கடவுளின் சந்நிதிக்குள் இறங்கியிருக்கிறது. நமக்கு முன்னோடியாகக் கிறிஸ்து அங்கே போயிருக்கிறார். சிலுவையில் அறையுண்டவர், கொலையுண்டவர், காயங்களோடு உயிர்த்தவர். கொல்லப்பட்ட ஒருவரிடத்தில் நங்கூரமிட்டவர்களை மரணம் என்ன செய்ய முடியும்?

உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைக்கவில்லை, தோமையாருக்குக் காட்டினார். ஆகையால், "பழையதை மறந்துவிடுங்கள்" என்று நம் தாய்மாருக்குச் சொல்வது கிறிஸ்தவ ஆறுதலாகாது. காணாமலாக்கப்பட்டவர்களின் படங்களை ஏந்தி, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரும், அவர்களைப் போல் மற்ற ஊர்களில் இருந்தவர்களும், நம்பிக்கை இழந்தவர்கள் அல்லர். உண்மை மண்ணுக்குள் புதைந்துபோகாது என்று நம்பியவர்கள். அவர்களிற் பலர் பதில் கிடையாமலே கண்ணை மூடிவிட்டார்கள். பெரிய சனிக்கிழமையன்று வியாகுல மாதா இருந்த இடத்தில் இவர்கள் ஆண்டுக் கணக்காக இருக்கிறார்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: தேவமாதாவுக்கு மகனின் கல்லறை எங்கே என்றாவது தெரிந்திருந்தது. திருச்சபை இவர்களுக்கு அருகில் இருக்க வேண்டும். விளக்கம் சொல்வதற்காக அல்ல; கூட இருப்பதற்காக. உண்மையும் நீதியும் கேட்பது பழிவாங்கலன்று. பழியை இறைவனிடம் விட்டுவிட்டு, உண்மையைக் கேட்டுக்கொண்டேயிருப்பதும் நம்பிக்கையின் செயலே.

குமுதினியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரத்தம் தோய்ந்த அந்தப் படகு பின்னர் திருத்தப்பட்டு, அதே கடலில் அதே மக்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. சொந்தங்களை இழந்தவர்களே அதில் மீண்டும் ஏறினார்கள். வேறு வழியில்லை என்பார் சிலர். இருக்கலாம். ஆனால் வேறு வழியில்லாதபோதும் ஏறிப் பிள்ளையைப் பள்ளிக்கும் நோயாளியை வைத்தியசாலைக்கும் கொண்டுபோன அந்த மனவலிமையை இறைவன் சிறிதாக எண்ணமாட்டார்.

29 ஆண்டுகள்

இருட்டுக் காலம் நமக்குப் புதிதன்று. 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், கோயில்கள் பறிக்கப்பட்டன, குருவானவருக்குப் புகலிடம் கொடுப்பது கடும் குற்றமாயிற்று. கோவையைச் சேர்ந்த யோசேவாஸ் முனிவர் 1687ஆம் ஆண்டு மாறுவேடத்தில் வந்து சேரும் வரை, 29 ஆண்டுகள், நம் முன்னோர் நிலையான குருக்கள் இல்லாமலே இருந்தார்கள். ஞாயிறு பூசையில்லை; பாவசங்கீர்த்தனமில்லை; சாகும் நேரத்தில் அவஸ்தைப் பூசுதலும் இல்லை. கோயிலைப் பாராமலே ஒரு தலைமுறை வளர்ந்து பெரிதாயிற்று.

அப்படியிருந்தும், பிச்சைக்காரனைப் போல் வீடு வீடாகச் சென்ற அந்த முனிவரின் கழுத்திலிருந்த செபமாலையை அடையாளம் கண்டுகொள்ள இங்கே ஆட்கள் இருந்தார்கள். அவர் வயிற்றோட்டத்தால் வீழ்ந்து கிடந்தபோது ஏழைப் பெண்ணொருத்தி கஞ்சி வார்த்துக் காப்பாற்றினாள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்தச் செபமாலையை அவர்களுக்கு யார் காட்டிக் கொடுத்திருந்தார்கள்? ஆயரா? குருவா? எவரும் இல்லையே! விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளை மடியில் கிடத்தி, தாழ்ந்த குரலில் மந்திரம் சொல்லிக் கொடுத்த தாய்மாரும் பாட்டிமாருந்தான். அவர்களிற் பெரும்பாலோர் முனிவரைக் காணாமலே மாண்டிருப்பார்கள். 1806ஆம் ஆண்டிலேதான் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீக்கப்பட்டன. 2015 சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் அந்த முனிவர் புனிதராக உயர்த்தப்பட்டார். இதையெல்லாம் அந்தப் பாட்டிமார் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். அவர்கள் அறிந்தது அன்றைய மாலைச் செபம் ஒன்றே. நங்கூரக் கயிற்றை அவர்கள் கைவிடவில்லை; ஆகையால் நாம் இன்று கிறிஸ்தவர்களாக இருக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம்மவர் சொல்வதுண்டு. பனை காய்க்க 15, 20 ஆண்டுகள் செல்லும். தான் உண்ணமாட்டோம் என்று தெரிந்தும் பனங்கொட்டை ஊன்றியவர்களாலேதான் நம் தீவுகள் நிழலும் உணவும் பெற்றன. கிறிஸ்தவன் பனை வைப்பவனாக இருக்க வேண்டும். நான்கு காரியங்களை மட்டும் சொல்கிறோம். நான்கு நங்கூரங்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வீட்டுச் செபம். கைத்தொலைபேசிகளைப் பத்து நிமிடம் ஒருபுறம் வைத்துவிட்டு, குடும்பமாக முழந்தாட்படியிடுங்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனையும் மகளையும் அதே தொலைபேசி வழியாக ஒரு பத்து மணிக்காவது சேர்த்துக்கொள்ளலாம். கோயிலும் குருவும் இல்லாத நாளிலும் நின்று பிடித்த கயிறு இதுவே.

இரண்டாவது, அப்பம் பிடுதல். உங்கள் வட்டாரத்தில் தொழில் இல்லாத வீடு எது, கடன்காரனுக்குப் பயந்து கதவைச் சாத்தியிருக்கும் வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். பங்குச் சுவாமி வரும்வரை காத்திராதீர்கள். உங்களுக்கு விடிந்தபின் கொடுப்போம் என்றும் எண்ணாதீர்கள். வெளிநாட்டிலுள்ள நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: கோயிற் கோபுரத்துக்கும் திருநாள் வாணவேடிக்கைக்கும் தாராளமாக அனுப்புகிறீர்கள், நன்றி. அதில் ஒரு பங்கு, பள்ளியை இடையில் விட்ட ஒரு பிள்ளைக்கும் வலை இழந்த ஒரு தகப்பனுக்கும் போனால், அந்தோனியார் மனம் நோகமாட்டார்.

மூன்றாவது, மறவாமை. நம் பங்குகளில் மாண்டவர்களின், காணாமற்போனவர்களின் பெயர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது பலிபீடத்தின் முன் சத்தமாக வாசிப்போம். அவர்களுடைய வயோதிபத் தாய்மாரைத் திருநாளன்று முன்வரிசையில் இருத்துவோம். பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுவோம். பகையைச் சொல்லிக் கொடாதிருப்போம்.

நான்காவது, நன்னீரைக் காத்தல். தீவகத்துக் கிணறுகளின் தன்மை உங்களுக்குத் தெரியும். சுண்ணக்கல் நிலத்தினடியில் எங்கும் உவர். அதன்மேல் மழைநீர் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அளவோடு அள்ளினால் ஆண்டு முழுவதும் நல்ல தண்ணீர். இயந்திரம் வைத்து ஓயாமல் இறைத்தால் உவர் மேலேறிக் கிணறே கெட்டுவிடும். மனமும் அப்படியே. ஓயாத கெட்ட செய்தியும், குறைகூறலும், 'இந்த ஊர் உருப்படாது' என்ற பேச்சும் பிள்ளைகளின் உள்ளத்தில் உவரை ஏற்றிவிடும். அவர்கள் காதுபட ஊரைச் சபியாதீர்கள். இங்கே இருப்பவர்கள் ஏலாதவர்கள் என்று அவர்கள் எண்ணும்படி பேசாதீர்கள். போகிற பிள்ளையை ஆசீர்வதித்து அனுப்புங்கள். இருக்கிற பிள்ளையை மதித்து வைத்திருங்கள்.

பிரியமானவர்களே, மால்ட்டாவில் கரையேறியவர்கள் மழையிலும் குளிரிலும் நடுங்கிக்கொண்டிருந்தபோது, அத்தீவு மக்கள் தீமூட்டி அவர்களை வரவேற்றார்கள் என்று அடுத்த அதிகாரம் கூறுகிறது. முன்பின் அறியாத தீவு மக்களின் அந்த அன்பு வேதாகமத்தில் ஏறிவிட்டது. நாமும் தீவு மக்களே. நம்மிலும் அதிகமாக நனைந்தவர்கள் நம் கரைக்கு வருவார்கள். அவர்களுக்கு மூட்டுவதற்கு நம் அடுப்பில் கொஞ்சம் நெருப்பு இருக்கட்டும்.

எப்போது விடியுமென்று நமக்குச் சொல்லப்படவில்லை. நங்கூரம் யாரிடத்தில் இறங்கியிருக்கிறதென்று சொல்லப்பட்டிருக்கிறது. கடலின் நட்சத்திரமாகிய தேவமாதா நமக்காக மன்றாடுவாராக. காற்றும் கடலும் கீழ்ப்படியும் ஆண்டவர் உங்கள் வீடுகளையும் வள்ளங்களையும், கடலிலும் கடல்கடந்தும் இருக்கும் உங்கள் பிள்ளைகளையும், இன்னும் திரும்பி வராதவர்களையும் தம் கரத்தில் வைத்துக் காப்பாராக. ஆமென்.